ஸ்டைன்பெக்கைச் சிறுமை செய்வோர்

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்கை இரு சாரார் சிறுமை செய்து வருகின்றனர். ஒரு சாரார் கற்றறிந்த திறனாய்வாளர். அவர் எழுதியது இலக்கியம் அன்று, செய்தித்தாள் எழுத்து. 1930-களின் பஞ்சம் தீர்ந்ததோடு அவ்வெழுத்தின் வேலையும் தீர்ந்தது என்பது அவர்கள் வழங்கும் தீர்ப்பு. மறு சாரார் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர். இவர்கள் அவரை இகழ்வதில்லை, வாயாரப் புகழ்கின்றனர். புகழ்ந்த கையோடு அவருடைய கதையைப் 'பேராசை பெருநட்டம்' என்னும் ஒற்றை வரியில் அடக்கி, மாணவரின் குறிப்பேட்டில் எழுதச் செய்து, மணி அடித்ததும் நூலை மூடிவிடுகின்றனர்.

முன்னவர் செய்வது பழிப்பு. பின்னவர் செய்வது புகழ்ச்சி. ஆயினும் விளைவு ஒன்றே. ஏழை ஏன் ஏழையாகவே இருக்கிறான், அவனை அந்நிலையில் நிறுத்திவைக்கும் ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்று ஸ்டைன்பெக் கண்டு எழுதியதைப் படிப்பவர் கண்ணுக்கு எட்டாமல் செய்துவிடுகின்றனர். அவரை ஒப்பற்றவர் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் எழுதியதை எழுதியவாறே படிக்க வேண்டும் என்று வழக்காடுவதே நோக்கம்.

கண்டு எழுதியவர்

ஸ்டைன்பெக் 1902-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்துச் சலினாஸ் என்னும் ஊரில் பிறந்தார். தாயார் ஒலிவ், திருமணத்திற்கு முன் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். குடும்பம் நடுத்தரக் குடும்பம். 1919-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், விட்டு விட்டுப் பயின்று, 1925-இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். இடையிடையே பண்ணைகளில் கூலியாட்களோடு உழைத்தார். நியூயார்க் சென்று கட்டடக் கூலியாகவும் பின்னர்ச் செய்தியாளராகவும் இருந்து பார்த்தார். 1929-இல் வெளிவந்த முதல் நாவல் ஒரு கடற்கொள்ளையனைப் பற்றியது. அதனை வாங்கிப் படித்தவர் சிலரே. 1935-இல் 'டோர்ட்டியா பிளாட்' வெளிவரும் வரையில் எழுத்து அவருக்குச் சோறு போடவில்லை.

1936-இல் 'சான் பிரான்சிஸ்கோ நியூஸ்' என்னும் நாளேடு, பிற மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடிக் கலிபோர்னியாவில் வந்து குவிந்த உழவர்களைப் பற்றி எழுதும்படி அவரைக் கேட்டது. வறட்சியும், புல்வெளியை அளவுக்கு மீறி உழுததும், கடனும், டிராக்டரும் சேர்ந்து அவ்வுழவர்களை நிலத்திலிருந்து பெயர்த்திருந்தன. ஸ்டைன்பெக் பழைய ரொட்டி வண்டி ஒன்றில் ஏறி முகாம் முகாமாகச் சென்றார். ஆர்வின் என்னும் இடத்தில் அமைந்த அரசு முகாமின் பொறுப்பாளர் டாம் காலின்ஸ் அவருக்கு வழிகாட்டினார். முகாமில் எழுதப்பட்ட அறிக்கைகளையும் படிக்கக் கொடுத்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஏழு கட்டுரைகள் வெளிவந்தன. 1938-இன் தொடக்கத்தில் வைசேலியா வட்டாரத்தை வெள்ளம் சூழ்ந்தபோது, கூடாரங்களில் பட்டினி கிடந்த குடும்பங்களிடையே மீண்டும் சென்று நின்றார்.

கண்டதை எழுதினார், ஆகவே அவர் செய்தியாளரே என்பாருக்கு நாம் விடுக்கும் வினா ஒன்று உண்டு. கண்டு எழுதுவது இலக்கியத்திற்கு எப்போது இழுக்காயிற்று? காணாது எழுதுவதுதான் கலை என்றால், இருட்டறையில் அமர்ந்து நிலவை வருணிப்பவரே நம்முள் தலைசிறந்த கவிஞராவார்.

அழிக்கப்பட்ட நாவல்

பிரச்சாரத்திற்கும் இலக்கியத்திற்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறியாதவர் என்று குற்றம் சாட்டுவோர், 1938-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். 1936-இல் சலினாஸில் லெட்டூஸ் கீரைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஊர்ப் பெரியோர் திரட்டிய படை அதனை ஒடுக்கியது. பிறந்த ஊர் நடந்துகொண்ட முறை ஸ்டைன்பெக்கை உள்ளூரக் கொதிக்கச் செய்தது. அக்கொதிப்பில் அவர் நையாண்டி நாவல் ஒன்றை எழுதினார். அறுபதாயிரம் சொற்களுக்குக் குறையாத நூல் அது. சினம் நியாயமானது, பகைவரும் உண்மையானவர். ஆயினும் அதனைப் பதிப்பாளருக்கு அனுப்ப அவர் மனம் ஒப்பவில்லை. அந்நூல் பகைவரைக் கேலி செய்ததேயன்றி மக்களைப் புரியவைக்கவில்லை என்று உணர்ந்து அதனை அழித்துவிட்டார்.

அழித்த சில நாள்களுக்குள் வேறொரு நாவலைத் தொடங்கினார். அவ்வாண்டு கோடையில் தொடங்கி அக்டோபர் 26-ஆம் நாள் முடித்தார். ஏறத்தாழ ஐந்து திங்கள் உழைப்பு அது. எழுதிய ஒவ்வொரு நாளும் ஒரு நாட்குறிப்பை எழுதிவந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1989-இல், அது அச்சேறியது. தம் ஆற்றலின் மீதே ஐயம் கொண்டு, மறுநாட் காலையில் மீண்டும் மேசைக்கு வரும் ஓர் உழைப்பாளியை அதில் காண்கிறோம். மனைவி கரோல் தட்டச்சு செய்தார். நூலுக்குப் பெயரும் அவரே சூட்டினார். 1939 ஏப்ரல் 14-ஆம் நாள் வெளிவந்த அந்நாவலே 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'. சினத்தின் திராட்சைக் கனிகள் என்று அதற்குப் பொருள் கூறலாம்.

எழுத விரும்பும் மாணவர்களுக்கு இச்செய்தியை எடுத்துரையுங்கள், ஆசிரியர்களே. கோபம் இருந்தால் போதும், கொள்கை சரியாக இருந்தால் போதும், எழுதியதெல்லாம் இலக்கியமாகிவிடும் என்று நம்பும் இளைஞர் பலர். நியாயமான கோபத்தால் எழுதிய முழு நூலையும் ஒருவர் தம் கையாலேயே அழித்தார். அவரையா பிரச்சாரகர் என்பது?

முகமில்லாத பகைவன்

அந்நாவலின் முப்பது இயல்களுள் பதினாறில் கதைக் குடும்பமாகிய ஜோடு குடும்பத்தார் தலைகாட்டுவதில்லை. அவை சாலையையும், நிலத்தையும், சந்தையையும் பற்றிய இடைவேளை இயல்கள். கதைக்கு இடையில் புகுத்தப்பட்ட சொற்பொழிவுகள் என்று அவற்றைக் குறை கூறுவர். ஆனால் ஐந்தாம் இயலைப் படித்தவர் அவ்வாறு கூறத் துணியார்.

குத்தகை உழவனின் வீட்டை இடிக்க டிராக்டர் வருகிறது. ஓட்டி வருபவன் அயலான் அல்லன். அண்டை வீட்டுப் பிள்ளை. நாட்கூலிக்கு வந்திருக்கிறான், அவனுக்கும் பசித்த பிள்ளைகள் உண்டு. உழவன் துப்பாக்கியைக் காட்டி மிரட்டுகிறான். என்னைச் சுட்டால் நாளை வேறொருவன் வருவான் என்கிறான் அவன். அப்படியானால் உனக்கு ஆணையிட்டவனைச் சுடுகிறேன் என்கிறான் உழவன். அவனுக்கு வங்கி ஆணையிட்டது. வங்கிக்குக் கிழக்கிலிருந்து ஆணை வந்தது. அப்படியானால் நான் சுட வேண்டியது யாரை? அவ்வினாவுக்கு அங்கே எவரிடமும் விடை இல்லை.

இது சொற்பொழிவா? கொடியவன் ஒருவனைப் படைத்து, அவன் மீது பழியை ஏற்றி, முடிவில் அவனை வீழ்த்திக் காட்டுவது எளிது. நம் நாடகங்களும் திரைப்படங்களும் ஓயாமல் செய்துவருவது அதுவே. கொடியவன் என்று சுட்ட எவரும் இல்லாமலே கொடுமை நடந்தேறும் என்று காட்டுவதற்கு, அந்த ஏற்பாட்டின் ஒவ்வொரு கண்ணியையும் அறிந்திருத்தல் வேண்டும்.

வேலைக்கு ஆள் தேவை என்று அச்சிட்டுப் பரப்பும் துண்டறிக்கைகளின் சூழ்ச்சியையும் அதே நாவல் விளக்குகிறது. 800 பேருக்கு வேலை இருக்கும். 5,000 அறிக்கைகள் அச்சாகும். அவற்றைக் காண்போரோ அதனினும் பன்மடங்கு. பசித்தவர் கூட்டம் வாயிலில் சேரச் சேரக் கூலி தானாகவே இறங்கும். எவரையும் எவரும் அடிக்க வேண்டியதில்லை. இக்கணக்கை ஒருவர் மனத்தில் பதியுமாறு சொல்லிவிட்டால், அதன்பின் 'சோம்பலே வறுமைக்குக் காரணம்' என்று அவரிடம் கூறி ஏமாற்ற இயலாது. நாவலைக் கண்டு பண்ணை முதலாளிகள் அஞ்சியதும் அதனாலேதான்.

எரித்தவரும் இகழ்ந்தவரும்

கதையில் வரும் அரசு முகாமுக்கு மூலமான ஆர்வின் முகாம் கெர்ன் மாவட்டத்தில் இருந்தது. 1939 ஆகஸ்டில் அம்மாவட்டத்தின் ஆட்சிக் குழு, நான்குக்கு ஒன்று என்னும் வாக்கு எண்ணிக்கையில், பள்ளிகளிலும் பொது நூலகங்களிலும் அந்நூலைத் தடை செய்தது. பேக்கர்ஸ்பீல்டு நகரில் அதன் படி ஒன்று புகைப்படக்காரர் முன்னிலையில் எரிக்கப்பட்டது. மாவட்ட நூலகர் கிரெட்சன் நீஃப் அம்மையார், தடையால் கருத்து அழிந்துவிடாது என்று ஆட்சிக் குழுவுக்கே கடிதம் எழுதினார். அரசு ஊதியம் பெறும் ஒருவர், தம் மேலதிகாரிகளுக்குப் பணிவோடும் அச்சமின்றியும் எழுதிய கடிதம் அது. 1941 ஜனவரியில்தான் தடை நீங்கியது. அதற்குள், 1940-இல், நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்திருந்தது. குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் முகாம்களை நேரில் பார்வையிட்டு, நாவலில் மிகை இல்லை என்று சான்று பகர்ந்திருந்தார்.

எரித்தவர் செயல் எளிதில் விளங்குவது, அவர்களுக்குப் பணநட்டம். இகழ்ந்தவர் செயலே ஆராயத்தக்கது. 1942-இல் ஸ்டைன்பெக் 'தி மூன் இஸ் டவுன்' என்னும் சிறு நாவலை எழுதினார். படையெடுத்து வந்தோர் பிடியில் சிக்கிய ஓர் ஊரின் கதை அது. படையெடுத்தோரையும் அவர் மனிதராகவே படைத்திருந்தார். ஜேம்ஸ் தர்பர், கிளிப்டன் பேடிமன் முதலிய திறனாய்வாளர், பகைவரிடம் அவர் மென்மை காட்டிவிட்டார் என்று கண்டித்தனர். அதே வேளையில், நாஜிப் படையின் பிடியில் இருந்த நார்வே, டென்மார்க், ஆலந்து, பிரான்சு ஆகிய நாடுகளில் அந்நூல் மறைவாக மொழிபெயர்க்கப்பட்டுக் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. 1946-இல் நார்வே மன்னர் அதற்காக அவருக்குப் பதக்கம் வழங்கினார். அபாயமற்ற ஊரில் அமர்ந்தவருக்கு நூல் மென்மையாகத் தோன்றியது. உயிரைப் பணயம் வைத்துப் படித்தவருக்கோ அதுவே உரமாயிற்று. இவ்விருவருள் எவர் அந்நூலின் வாசகர்?

1962 அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, 'நியூயார்க் டைம்ஸ்' தலையங்கமே அத்தேர்வை ஐயுற்றது. பரிசளிப்பு விழாவுக்கு முதல் நாள், ஆர்தர் மைஸ்னர் என்னும் பேராசிரியர் அதே ஏட்டில், முப்பதுகளின் அறநோக்குக்கு நோபல் பரிசு தகுமா என்று கேட்டு எழுதினார். பரிசுக்குத் தகுதி உடையவரா நீங்கள் என்று செய்தியாளர் கேட்டபோது, உள்ளபடி சொன்னால் இல்லை என்றே ஸ்டைன்பெக் விடை கூறினார். ஐம்பது ஆண்டுகள் கழித்துத் திறக்கப்பட்ட நோபல் குழுவின் ஆவணங்கள், அவ்வாண்டு குழுவினருக்கும் முழு மனநிறைவு இல்லை என்று காட்டின. இவற்றையெல்லாம் சான்றாக அடுக்குவோர் உளர். அடுக்கட்டும். பரிசுக் குழுவின் தயக்கம் ஐந்தாம் இயலின் ஒரு சொல்லையாவது பொய்யாக்குமா? ஓர் எழுத்தாளரின் பணிவை அவருக்கு எதிரான வாக்குமூலமாகக் கொள்வது எந்த நீதிமன்றத்து வழக்கம்?

கினோவின் ஆசை

இனி வகுப்பறைக்கு வருவோம். இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் மலேசிய இடைநிலைப் பள்ளிகளில், ஐந்தாம் படிவ ஆங்கிலப் பாடத்தின் இலக்கியப் பகுதியில், கே. எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' போன்ற நூல்களோடு ஸ்டைன்பெக்கின் 'தி பெர்ல்' என்னும் குறுநாவலும் இடம்பெற்றது. நம் தமிழ்ப்பள்ளிகளில் பயின்று சென்ற பிள்ளைகள் பலர் அதனைப் படித்துத் தேர்வு எழுதினர். அந்நாவலின் கருத்து யாது என்னும் வினாவுக்கு அவர்கள் மனப்பாடம் செய்த விடை: பேராசை அழிவைத் தரும்.

கதையைக் காண்போம். கினோ என்பவன் மெக்சிக்கோவின் லா பாஸ் கடற்கரையில் முத்துக் குளிப்பவன். அவனுடைய கைக்குழந்தை கோயோட்டிட்டோவைத் தேள் கொட்டுகிறது. பணம் இல்லாததால் மருத்துவர் கதவைத் திறக்க மறுக்கிறார். பிறகு கினோவுக்குப் பெருமுத்து ஒன்று கிடைக்கிறது. அச்செய்தி கேட்டதும் அதே மருத்துவர் வீடு தேடி வருகிறார். முத்தை விற்கச் சென்றால், வணிகர் பலர் போட்டியிடுவதுபோல் விலை பேசுகின்றனர். உண்மையில் அவர்கள் அனைவரும் ஒரே முதலாளியின் ஆட்கள்; விலை முன்பே முடிவு செய்யப்பட்டது. கினோ விற்க மறுக்கிறான். அதன்பின் அவன் படகு உடைக்கப்படுகிறது, குடிசை எரிகிறது, அவனை வேட்டையாட ஆட்கள் வருகின்றனர், முடிவில் குழந்தை கொல்லப்படுகிறது. கினோ முத்தைக் கடலில் வீசிவிடுகிறான்.

கினோ ஆசைப்பட்டது என்ன? மனைவி ஹுவானாவைக் கோயிலில் முறைப்படி மணம் புரிய வேண்டும். புத்தாடை உடுத்த வேண்டும். ஒரு துப்பாக்கி வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மகன் பள்ளி சென்று எழுதப் படிக்கக் கற்க வேண்டும். நூல்களில் என்ன எழுதியிருக்கிறது என்று மகன் படித்துச் சொன்னால், தம்மை எவரும் ஏமாற்ற இயலாது என்று அவன் எண்ணுகிறான். இதற்குப் பெயர் பேராசையா? எழுத்தறியாத தந்தை மகனுக்குக் கல்வி வேண்டுவது பேராசை என்றால், நம் பள்ளிகளின் வாயிலில் பிள்ளையின் கைபற்றி வந்து நின்ற பெற்றோர் அனைவரும் பேராசைக்காரரே. ஆசிரியராகிய நாமா அதனைச் சொல்வது?

ஆம், முத்து கினோவையும் மாற்றுகிறது. மனைவியை அடிக்கும் அளவிற்கு அவன் மூர்க்கனாகிறான். அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் மூர்க்கனாகும் முன்பே வணிகரின் கூட்டுச் சதி இருந்தது. மருத்துவரின் கதவு மூடியிருந்தது. பேராசை அந்த ஊரில் இருந்தது உண்மை. அது யாரிடம் இருந்தது என்பதே மாணவரைக் கேட்க வேண்டிய வினா.

இதற்கு ஆசிரியரின் கைச்சான்றே உண்டு. 1940-இல் ஸ்டைன்பெக், கடல்வாழ் உயிரியல் அறிஞரும் நண்பருமான எட் ரிக்கெட்ஸோடு கலிபோர்னியா வளைகுடாவில் ஏறத்தாழ ஆறு வாரம் கடற்பயணம் செய்தார். லா பாஸில் வழங்கிய இம்முத்துக் கதையை அப்போது அறிந்து, 1941-இல் வெளிவந்த பயண நூலில் குறித்துவைத்தார். அந்த நாட்டார் கதையின் நாயகன் ஒரு வாலிபன். முத்து கிடைத்ததும், இனி உழைக்காமல் குடித்துக் களிக்கலாம் என்று எண்ணியவன் அவன். 'பேராசை பெருநட்டம்' என்று நீதி கூற வேண்டுமாயின் அக்கதையே போதும். ஸ்டைன்பெக் அதனை அப்படியே எடுத்தாளவில்லை. வாலிபனை நீக்கி ஒரு தந்தையை வைத்தார். மது ஆசையை நீக்கிக் கல்வி ஆசையை வைத்தார். 1947-இல் நூலாக வெளிவந்த கதை அவ்வாறு மாற்றப்பட்ட கதை. அவர் முயன்று நீக்கிய நீதியை நாம் முயன்று மீண்டும் ஒட்டவைக்கிறோம்.

குறைகளும் பாடமே

ஸ்டைன்பெக்கிடம் குறை இல்லையா? உண்டு, அவற்றை மாணவருக்கு மறைத்தல் கூடாது. ஜோடு குடும்பத்தின் ஊராக அவர் கூறும் சாலிசா, ஒக்லஹோமாவின் கிழக்குப் பகுதியில் உள்ளது. புழுதிப் புயல் பாழாக்கிய வட்டாரம் அதற்கு வெகு மேற்கே இருந்தது. கலிபோர்னியத் தோட்டங்களில் நெடுங்காலம் உழைத்த மெக்சிக்கரும் பிலிப்பினோக்களும் நாவலில் ஏறக்குறைய மறைந்தே போயினர். நாளேட்டுக் கட்டுரைகளில் அவர்களுக்கு இடம் அளித்தவரே நாவலில் அளிக்கவில்லை. அதே முகாம்களில் தொண்டாற்றிய சனோரா பாப் என்னும் பெண் எழுத்தாளர் எழுதிய நாவலை, ஸ்டைன்பெக் நூலின் பெருவெற்றிக்குப் பின் பதிப்பகத்தார் கைவிட்டனர். அது 2004-இல்தான் அச்சேறியது. அக்குற்றம் ஸ்டைன்பெக்கினுடையது அன்று; எனினும் ஒரு துயரத்துக்கு ஒரு நூல் போதும் என்னும் சந்தையின் எண்ணம் எவ்வளவு கொடியது என்பதற்கு அது சான்று.

எல்லாவற்றினும் பெரிய குறை, வியட்நாம் போரில் அவர் எடுத்த நிலை. 1966 இறுதியில் 'நியூஸ்டே' நாளேட்டுக்காக அங்குச் சென்று, அமெரிக்கப் படைகளுக்கு ஆதரவாக எழுதினார். 1936-இல் அவர் ரொட்டி வண்டியில் சென்று கூடாரத்து வாயிலில் குந்தி அமர்ந்து கேட்டார். முப்பது ஆண்டுகள் கழித்துப் படையினரின் ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தார். கண் ஒன்றே, நின்ற இடம் வேறு. இக்குறை என் வழக்கை வீழ்த்தவில்லை, உறுதிப்படுத்துகிறது. அவர் பெருமை அவர் பிறவித் திறனில் மட்டும் இல்லை. யார் பக்கத்தில் சென்று நின்றார் என்பதில் இருந்தது. அவ்விடத்தை விட்டு விலகியபோது எழுத்தும் வலுவிழந்தது.

1968 டிசம்பர் 20-ஆம் நாள் நியூயார்க்கில் ஸ்டைன்பெக் மறைந்தார். அவரது சாம்பல் சலினாஸில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் நூலை வெறுத்தோர் நிறைந்திருந்த அதே ஊரின் நூலகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1998-இல் அவருக்கென ஒரு நினைவு மையமும் அங்கு எழுந்தது. நினைவு மையம் எழுப்புவதும் ஒருவரைப் படிக்காமல் இருப்பதற்கு ஒரு வழியாகிவிடலாம்.

ஆசிரியப் பெருமக்களே, ஒரு நாவலைக் கற்பிக்கும்போது இறுதியில் நீதி கேட்பதை ஒருமுறையேனும் விட்டுவிடுங்கள். அதற்கு மாறாக, இவ்வினாக்களைக் கேளுங்கள்: இக்கதையில் விலையை முடிவு செய்பவர் யார்? கதவை மூடியவர் யார்? ஆணை எங்கிருந்து வந்தது? மாணவ நண்பர்களே, நீங்கள் எழுத அமரும்போது, உங்கள் கோபத்தை மட்டும் நம்பாதீர்கள்; எழுந்து சென்று பாருங்கள், கேளுங்கள், கணக்கிடுங்கள். பிறகு எழுதியது நன்றாக இல்லையெனில் அழித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள். ஸ்டைன்பெக்கிடம் கற்கத்தக்கது இவ்வளவே. இவ்வளவையும் செய்தவரைச் செய்தியாளர் என்று எவரேனும் இகழ்ந்தால், இகழட்டும். அப்பெயருக்கு அவர் நாணியிருக்க மாட்டார்.